டிவிக்குக் கீழே சத்தமில்லாத கணினி: சின்ன கேபினட்டில் பொருத்தும் முறை

படம் பார்ப்பதற்கென்றே ஒரு கணினி சேர்ப்பவர் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும். இரவு பத்து மணிக்கு மேல், வசனம் தணிந்து போகும் காட்சியில், டிவிக்குக் கீழிருந்து விசிறி இரைச்சல் வருமா? கேமரா மெல்ல நகரும்போது படம் திக்கித் திக்கி ஓடுமா? முதல் கேள்விக்கு விடை பாகங்களைத் தேர்வதிலும் அவற்றைப் பொருத்தும் வரிசையிலும் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை மென்பொருளில் நான்கைந்து அமைப்புகள். கிராபிக்ஸ் கார்டுக்கு இரண்டிலும் வேலை இல்லை. கேம் ஆடும் எண்ணம் இல்லையென்றால் அதை வாங்காதீர்கள். இருக்கிற கொஞ்ச இடத்தில் சூடும் சத்தமும்தான் கூடும்.

என்ன வாங்குவது

பேச்சுக்கு ஒரு கேபினட்டை, அதாவது கணினிப் பெட்டியை, எடுத்துக்கொள்வோம்: ஃபிராக்டல் டிசைன் நோட் 202. கொள்ளளவு 10.2 லிட்டர். படுக்கவைத்தால் உயரம் 82 மி.மீ.தான், பழைய டிவிடி பிளேயர் இருந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். இதில் மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்டு மட்டுமே பொருந்தும். அதாவது 170 மி.மீ.க்கு 170 மி.மீ. சதுரப் பலகை. மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன அளவில் இருக்க வேண்டும், சாதாரண ஏடிஎக்ஸ் உள்ளே போகாது. பிராசஸர் கூலரின் உயரம் 56 மி.மீ.ஐத் தாண்டக் கூடாது. வேறு கேபினட் வாங்கினாலும் அதன் விவரப் பக்கத்தில் முதலில் தேட வேண்டிய எண் இந்தக் கூலர் உயரம்தான். பிராசஸர், போர்டு எல்லாம் அதற்குப் பிறகு. சின்ன கேபினட்டில் பலர் தடுக்கி விழுவது இங்கேதான்: எல்லாம் பொருத்தியபின் மூடி 4 மி.மீ. தூக்கிக்கொண்டு நிற்கும்.

பிராசஸருக்கு இன்டெல் கோர் ஐ3-12100 தாராளம். நான்கு கோர்கள், அடிப்படை 60 வாட், உச்சத்தில் 89 வாட். அதிலேயே இருக்கும் யுஎச்டி 730 கிராபிக்ஸ் 10-பிட் எச்இவிசி, விபி9, ஏவி1 என்ற மூன்று வீடியோச் சுருக்க முறைகளையும் வன்பொருளிலேயே விரித்துவிடும். 4கே படம் ஓடும்போது கோர்கள் கிட்டத்தட்ட சும்மா இருக்கும். பெயர் எஃப் என்று முடியும் 12100எஃப் விலை குறைவு என்று எடுத்துவிடாதீர்கள். அதில் கிராபிக்ஸ் கிடையாது, டிவியில் எதுவும் தெரியாது. ஏஎம்டி பக்கம் போனால் ரைசன் 5 5600ஜி நல்ல சிப், ஆனால் ஏவி1-ஐ வன்பொருளில் விரிக்காது. யூடியூப் 4கே ஏவி1-இல் வந்தால் சுமை கோர்கள்மேல் ஏறும், விசிறி எழும்பும். 8600ஜி-யில் அந்தக் குறை இல்லை.

மதர்போர்டுக்கு எச்610 என்ற சிப்செட் உள்ள வகை போதும். பார்க்க வேண்டியது அதன் எச்டிஎம்ஐ பதிப்பு. மலிவான போர்டுகளில் 1.4 மட்டும் இருக்கலாம். அதில் 4கே 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு 2.0 அல்லது அதற்கு மேல் வேண்டும். ஏற்கெனவே வாங்கிவிட்ட போர்டில் 1.4 இருந்தால், டிஸ்ப்ளேபோர்ட் துளையிலிருந்து எச்டிஎம்ஐ 2.0-ஆக மாற்றும் ஆக்டிவ் அடாப்டர் கைகொடுக்கும்.

ரேம் 8 ஜிபி இரண்டு, டிடிஆர்4 3200. ஒரே 16 ஜிபி வேண்டாம். உள்ளிருக்கும் கிராபிக்ஸ் ரேமைத்தான் தன் நினைவகமாகப் பயன்படுத்துகிறது, இரண்டு இருந்தால் அகலப் பாதை கிடைக்கும். போர்டு டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள், எச்610-இல் இரண்டும் உண்டு, ஒன்றின் ரேம் மற்றதில் ஏறாது. இயங்குதளத்துக்கு 500 ஜிபி எம்.2 என்விஎம்இ, போர்டிலேயே செருகும் சின்ன எஸ்எஸ்டி டிரைவ். எஸ்எம்பிஎஸ் 300 வாட்டே அதிகம்தான். 450 வாட் எடுத்தால், குறைந்த சுமையில் விசிறியை நிறுத்திக்கொள்ளும் வகையாகப் பாருங்கள்.

சிக்கனம் பார்க்கக் கூடாத பாகம் கூலர். நாக்டுவா என்எச்-எல்9ஐ-17எக்ஸ்எக்ஸ் 37 மி.மீ. உயரம், தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47 47 மி.மீ. இரண்டும் 56-க்குள் அடங்கும். இடம் இருக்கிறதே என்று 55 மி.மீ. கூலர் போடுவது நல்லதல்ல. விசிறி மூடியின் துளைகளை ஒட்டிக்கொண்டு நின்றால் காற்று கிழிபடும் சீறல் கேட்கும். சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் அது அடங்கும்.

முதல் ஓட்டம் கேபினட்டுக்கு வெளியே

மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியை மேசையில் வைத்து அதன்மேல் போர்டை வையுங்கள். வெள்ளிநிற உறைமேல் வேண்டாம், அதன் வெளிப்பக்கம் மின்சாரம் கடத்தும். கார்ப்பெட், பாலியஸ்டர் விரிப்பு இல்லாத தரையில் நின்று வேலை செய்யுங்கள். எர்த் உள்ள ஏதாவது உலோகத்தை அவ்வப்போது தொட்டுக்கொள்ளுங்கள்.

பிராசஸரின் மூலையில் தங்க முக்கோணம் இருக்கும். சாக்கெட்டின் முக்கோணத்தோடு அதைப் பொருத்தி, அழுத்தாமல் அப்படியே இறக்கிவையுங்கள். இந்தச் சிப்புக்கான எல்ஜிஏ1700 வகையில் ஊசிகள் சாக்கெட்டில் இருக்கின்றன, விரல் பட்டால் வளையும். பிளாஸ்டிக் மூடியை முன்கூட்டியே எடுக்க வேண்டாம். நெம்புகோலை மூடும்போது அது தானாகவே துள்ளி வெளியே வரும். நெம்புகோல் இறங்க நல்ல பலம் வேண்டும், மெல்லக் கறகறக்கும். சிப் சரியாக உட்கார்ந்திருந்தால் அதற்குப் பயப்பட வேண்டாம்.

எம்.2 துளை எங்கே இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். மினி-ஐடிஎக்ஸ் போர்டுகள் சிலவற்றில் அது பின்பக்கம் இருக்கும். கேபினட்டில் பொருத்தியபின் அதை அடைய எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டும். ரேமை இரண்டு பக்கமும் 'டக்' என்று கேட்கும்வரை அழுத்துங்கள். பாதி உட்கார்ந்த ரேம்தான் "திரை வரவில்லை" என்ற புகாரின் முதல் காரணம்.

கூலரையும் இங்கேயே பொருத்திவிடுங்கள். உயரம் குறைந்த கூலர்கள் பலவும் போர்டின் பின்பக்கத் தகட்டோடு திருகப்படுகின்றன. கேபினட்டுக்குள் அந்தப் பக்கம் கை போகாது. சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் நடுவில் ஒரு பட்டாணி அளவு, அதாவது 4 அல்லது 5 மி.மீ. 12-ஆம் தலைமுறைச் சிப் நீள்சதுரம், ஆகவே பட்டாணியைக் கொஞ்சம் நீட்டிச் சிறு கோடாக வைத்தால் ஓரம்வரை பரவும். திருகுகளை எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றும் இரண்டு சுற்று என்று மாறி மாறி இறுக்குங்கள். ஒரு மூலையை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கூலர் சாய்ந்து உட்காரும். பேஸ்ட் ஒரு பக்கம் ஒதுங்கி, சூடு கூடுதலாகக் காட்டும். விசிறி வயரை சிபியு ஃபேன் என்று குறித்த ஊசிகளில் செருகுங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸின் 24-பின் வயர், பிராசஸருக்கான 8-பின் வயர் இரண்டையும் செருகி, எச்டிஎம்ஐ கேபிளைத் திரையோடு இணையுங்கள். 8-பின் மறந்தால் விசிறி ஒரு நொடி சுற்றி நின்றுவிடும், அல்லது சுற்றிக்கொண்டே இருக்கும், திரை மட்டும் கறுப்பாக இருக்கும். கையேட்டில் பவர் சுவிட்ச் என்று காட்டியிருக்கும் இரண்டு ஊசிகளை ஸ்குரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டால் கணினி எழும். போர்டின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் பயாஸ் திரை வந்து, 16 ஜிபி ரேமும் எம்.2 டிரைவும் தெரிந்தால் போதும். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட், டிடிஆர்5 ரேம் பயன்படுத்துவோருக்கு ஒரு சொல்: முதல் முறை ரேமைப் பழக்கிக்கொள்ள அது சில நிமிடங்கள் எடுக்கும். அந்த நேரம் திரை இருட்டாகத்தான் இருக்கும். பதறிப் பிளக்கைப் பிடுங்காதீர்கள்.

கேபினட்டுக்குள்

முதலில் ஐஓ ஷீல்டு, போர்டின் பின்பக்கத் துளைகளைச் சுற்றி வரும் மெல்லிய தகடு. கேபினட்டின் உள்ளிருந்து நான்கு மூலையும் 'டக்' என்று பிடிக்க அழுத்துங்கள். போர்டைச் சாய்த்து இறக்கும்போது தகட்டின் சின்ன ஸ்பிரிங் நாக்குகள் எச்டிஎம்ஐ, லேன் துளைகளுக்கு வெளியே இருக்கின்றனவா என்று வெளிப்பக்கமிருந்து பாருங்கள். ஒரு நாக்கு துளைக்குள் மடிந்து போனால் கேபிள் ஏறாது. கவனிக்காமல் அழுத்தினால் ஷார்ட் ஆகும்.

சின்ன கேபினட்டில் வயர்தான் முதல் எதிரி, அதனால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம். போர்டை நான்கு திருகாலும் தளர்வாகப் பிடிக்கவைத்து, 8-பின் வயரையும் முன்பக்க யுஎஸ்பி வயரையும் முதலில் செருகுங்கள். அதற்குப் பிறகு திருகுகளை இறுக்கி, 24-பின்னைச் செருகி, கடைசியில் எஸ்எம்பிஎஸ்ஸை அதன் இடத்தில் உட்காரவையுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை முதலில் வைத்துவிட்டால் 8-பின் துளைக்கு விரல் போக வழி இருக்காது. முன்பக்க யுஎஸ்பி 3.0-இன் தடித்த 19-பின் செருகியை நேராகப் பிடித்து அழுத்துங்கள். சாய்த்து அசைத்தால் போர்டின் ஊசி வளைந்துவிடும், அதை நிமிர்த்துவது பெரும்பாடு.

முன்பலகையின் சின்ன வயர்களில் பவர் சுவிட்சுக்குத் திசை கிடையாது, எப்படிச் செருகினாலும் வேலை செய்யும். விளக்குக்கு மட்டும் கூட்டல், கழித்தல் பார்க்க வேண்டும். எரியாவிட்டால் திருப்பிச் செருகினால் சரி.

தேவையில்லாத எஸ்எம்பிஎஸ் வயர்களைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். முடியாதவற்றைக் கிராபிக்ஸ் கார்டுக்கென்று காலியாக இருக்கும் அறையில் சுருட்டிக் கட்டுங்கள். கூலரின் மேலேயோ பக்கத்திலேயோ எந்த வயரும் போகக் கூடாது. மூடும்முன் கேபினட்டை ஒருமுறை தலைகீழாகத் தூக்கி மெல்ல ஆட்டுங்கள்: வயர் விசிறி இறக்கையில் விழுகிறதா, தளர்ந்த திருகு எங்காவது உருளுகிறதா என்று தெரிந்துவிடும்.

வைஃபை உள்ள போர்டு என்றால் ஆன்டெனாக்களைக் கட்டாயம் திருகுங்கள். உலோகப் பெட்டிக்குள் அவை இல்லாமல் சிக்னல் வராது. ஆனால் 4கே-க்கு லேன் வயர்தான் நம்பகம். யுஎச்டி புளூ-ரே தரம் உச்சத்தில் நொடிக்கு 128 மெகாபிட்வரை போகும். ஒரு கேட்5ஈ வயரும் கிகாபிட் ரூட்டரும் இருந்தால் அது ஒரு பொருட்டே இல்லை.

பயாஸில் ஐந்து மாற்றங்கள்

ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி-யை இயக்குங்கள், இல்லாவிட்டால் 3200-க்குப் பதில் குறைந்த வேகத்திலேயே ஓடலாம். அடுத்தது மின்வெட்டு: 'ரெஸ்டோர் ஏசி பவர் லாஸ்' என்ற அமைப்பைப் 'பவர் ஆன்' என்று வைத்தால் மின்சாரம் வந்ததும் கணினி தானாக எழும். 'இஆர்பி' என்ற மின்சேமிப்பு அமைப்பு அணைந்திருக்கட்டும், இயங்கினால் தூங்கும் கணினியின் யுஎஸ்பிக்கு மின்சாரம் போகாது, ரிமோட்டால் எழுப்ப முடியாது.

எந்தச் சூட்டில் விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்று சொல்லும் விசிறி வளைவுக்குக் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். வாங்கியபடியே விட்டால் பிராசஸர் ஒரு நொடி துள்ளியதும் விசிறியும் கூடவே துள்ளும். சீரான இரைச்சலைவிட இந்த ஏற்ற இறக்கம்தான் காதை உறுத்தும். 60 டிகிரிவரை மிகக் குறைந்த வேகத்தில் மட்டமாக வைத்து, அங்கிருந்து 85 டிகிரிக்கு மெல்ல ஏற்றுங்கள். 'ஸ்டெப் அப்' நேரம் என்று இருந்தால் கூட்டிவையுங்கள். கூடவே குறுகிய நேர மின் வரம்பை 89 வாட்டிலிருந்து 60 வாட்டுக்கு இறக்குங்கள். படம் ஓடுவதில் ஒரு வித்தியாசமும் தெரியாது, துள்ளல் மட்டும் அடங்கும். மே மாதச் சென்னையில் அறையே 35 டிகிரியைத் தொடும்போது இந்த இரண்டின் பயனும் புரியும்.

லிப்ரிஎலெக்கா, விண்டோஸா

வீட்டிலேயே இருக்கும் படக் கோப்புகளைப் பார்ப்பதுதான் முதன்மை என்றால் லிப்ரிஎலெக். கோடி என்ற மென்பொருளை ஓட்டுவதற்கென்றே உருவான சின்ன லினக்ஸ் அது. கோடி 2014 வரை எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் இருந்ததுதான். ஓடிடி முக்கியம் என்றால் விண்டோஸ் 11. விண்டோஸ் கணினியில் நெட்ஃபிளிக்ஸின் 4கே எட்ஜ் உலாவியிலும் நெட்ஃபிளிக்ஸின் விண்டோஸ் ஆப்பிலும்தான் வரும்; அதற்கும் எச்டிசிபி 2.2 என்ற நகல்தடுப்பு வசதி உள்ள டிவி, எச்இவிசி நீட்சி, அதற்குரிய சந்தா மூன்றும் வேண்டும். லினக்ஸில் அதை எதிர்பார்க்காதீர்கள். இரண்டும் வேண்டும் என்போர் ஓடிடியை டிவியின் ஆப்பிலேயே பார்த்துவிட்டுக் கணினியை லிப்ரிஎலெக்குக்கு விடுவதுதான் தலைவலி குறைந்த வழி. 4கே புளூ-ரே டிஸ்க்கை நேராகப் போட்டுப் பார்க்கும் ஆசை இருந்தால், அதற்கான அதிகாரப்பூர்வ மென்பொருள் இன்டெல்லின் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கும். 11-ஆம் தலைமுறை முதல் டெஸ்க்டாப் சிப்களில் இன்டெல் அதை எடுத்துவிட்டது. அந்த ஆசைக்குத் தனி பிளேயர்தான் வழி.

லிப்ரிஎலெக் நிறுவ, அதன் யுஎஸ்பி உருவாக்கியால் 8 ஜிபி பென்டிரைவில் ஜெனரிக் பதிப்பை எழுதுங்கள். பயாஸில் செக்யூர் பூட்டை அணையுங்கள், இல்லாவிட்டால் பென்டிரைவைக் கணினி மதிக்காது. கணினி எழும்போது பூட் பட்டியலுக்கான விசை கிகாபைட்டில் எஃப்12, ஏசஸில் எஃப்8, எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் இரண்டிலும் எஃப்11. நிறுவும்போது எம்.2 டிரைவில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். படங்கள் வைத்த வேறு டிரைவ் இருந்தால் அதை முதலில் கழற்றிவிடுங்கள். தவறான டிரைவைத் தேர்ந்துவிட்டால் எல்லாம் போய்விடும்.

படம் சீராக ஓட

சினிமா நொடிக்கு 24 சட்டகம், பெரும்பாலும் துல்லியமாக 23.976. டிவி 60 ஹெர்ட்ஸில் நின்றால் ஒரு சட்டகம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் காட்டப்படும். கேமரா நகரும்போது தெரியும் திக்கல் இதனால்தான். கணினியில் வேகம் போதாமல் அல்ல. கோடியின் அமைப்புகளில் நிலையை 'எக்ஸ்பர்ட்' ஆக்கி, பிளேயர் பகுதியில் 'அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரிஃப்ரெஷ் ரேட்' என்பதை 'ஆன் ஸ்டார்ட்/ஸ்டாப்' என்று வையுங்கள். சிஸ்டம், டிஸ்ப்ளே பகுதியின் 'ஒயிட்லிஸ்ட்' என்ற அனுமதிப் பட்டியலில் 1080, 2160 இரண்டு அளவுக்கும் 23.98, 24, 25, 50, 59.94, 60 எல்லாவற்றையும் தேர்ந்துவிடுங்கள். 25-ஐ விடாதீர்கள், நம் ஊர் பிஏஎல் (PAL) ஒளிபரப்பு முறை டிவிடிகளும் தொலைக்காட்சிப் பதிவுகளும் 25 சட்டகம். 23.98-ஐ விட்டுவிட்டு 24-ஐ மட்டும் தேர்ந்தால் ஏறக்குறைய 42 நொடிக்கு ஒருமுறை ஒரு சிறு தடுக்கல் வரும். பலர் இதைப் பார்த்துவிட்டுக் கோப்பில் பழுது என்று நினைக்கிறார்கள். மெனுவை 1080-இலேயே வைத்திருங்கள். 4கே படம் ஓடும்போது அது தானாக மாறிக்கொள்ளும், மெனுவும் சுறுசுறுப்பாக இருக்கும். மாறும்போது டிவி கொஞ்சம் இருண்டு முதல் வசனம் விழுங்கப்பட்டால், அதே பகுதியில் உள்ள இடைநிறுத்த நேரத்தை 2 நொடி ஆக்குங்கள்.

டிவியிலும் ஒரு வேலை உண்டு. எச்டிஎம்ஐ துளைக்கு முழு அகலத்தைத் திறந்துவிட வேண்டும்: சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில் 'டீப் கலர்', சோனியில் 'என்ஹான்ஸ்டு ஃபார்மட்'. திறக்காவிட்டால், வெளிச்சத்தையும் நிழலையும் கூடுதல் வீச்சில் காட்டும் எச்டிஆர் தேர்வே வராது. படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஃபிட் டு ஸ்கிரீன்' போன்ற அமைப்பைத் தேடுங்கள். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தாலோ, நிழலில் முகங்கள் மூழ்கிப்போனாலோ, கணினியும் டிவியும் வேறுவேறு வண்ண வீச்சில் இருக்கின்றன. ஒன்று 16 முதல் 235, மற்றது 0 முதல் 255. இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

படம் ஓடும்போது விசைப்பலகையில் ஆங்கில 'ஓ' எழுத்தை அழுத்தினால் விவரம் திரையில் வரும். டிகோடர் பெயருக்குப் பக்கத்தில் 'எச்டபிள்யூ' இருந்தால் வன்பொருள் வேலை செய்கிறது.

ஒலி

டிவியின் ஸ்பீக்கர் மட்டும்தான் என்றால் கோடியில் ஒலித்தடங்களை 2.0 என்று வையுங்கள். 5.1 என்று வைத்தால் நடுத் தடம் எங்கும் போகாமல் தொலையும். பாட்டும் பின்னணி இசையும் முழங்கும், வசனம் மட்டும் கேட்காது. வீட்டுத் திரையரங்கப் புகார்கள் பலவற்றுக்குக் காரணம் இந்த ஒரு அமைப்புதான்.

ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ஏவி ரிசீவர் இருந்தால் கணினியை அதோடும் அதை டிவியோடும் இணையுங்கள். ஒலியைக் கணினியில் விரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பும் 'அலவ் பாஸ்த்ரூ' அமைப்பை இயக்கி, உங்கள் ரிசீவருக்குத் தெரிந்த வடிவங்களை மட்டும் தேர்வுசெய்யுங்கள். தெரியாததைத் தேர்ந்தால் மௌனம் அல்லது உரத்த கரகரப்பு. டிவி வழியாகச் சவுண்ட்பாருக்குப் போனால், டிவியிலிருந்து எச்டிஎம்ஐ வழியே ஒலியை அனுப்பும் சாதாரண ஏஆர்சி டால்பி டிஜிட்டல், டிஜிட்டல் பிளஸ் வரைதான் சுமக்கும். டால்பியின் இழப்பில்லா வடிவமான ட்ரூஎச்டிக்கு இரண்டு பக்கமும் அதன் மேம்பட்ட வகையான இஏஆர்சி வேண்டும். பாஸ்த்ரூவில் கோடியின் ஒலியளவு வேலை செய்யாது. அது பழுதல்ல, ஒலியை ரிசீவரில்தான் கூட்டிக் குறைக்க வேண்டும்.

ரிமோட்

பெரும்பாலான கணினி எச்டிஎம்ஐ துளைகளில் ரிமோட் கட்டளையைக் கேபிள் வழியே கடத்தும் சிஇசி கிடையாது, டிவி ரிமோட் அப்படியே வேலை செய்யாது. பல்ஸ்-எய்ட் அடாப்டர் அந்தக் குறையைத் தீர்க்கும். அதைவிட எளிது ஃபிளர்க் என்ற யுஎஸ்பி வாங்கி: வீட்டில் சும்மா கிடக்கும் எந்த ரிமோட்டையும் அதற்குப் பழக்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் ஏர் மவுஸ் வாங்கினால் அதன் டாங்கிளை யுஎஸ்பி 3.0 துளையில் செருகாதீர்கள். அந்தத் துளையின் மின்னிரைச்சல் அதே அலைவரிசையில் விழுகிறது. அழுத்தம் தவறும், இரண்டு முறை பதியும். 2.0 துளையில், முடிந்தால் அரை மீட்டர் நீட்டிப்பு வயரோடு முன்பக்கம் கொண்டுவாருங்கள்.

இன்னும் தகராறு செய்தால்

4கே எச்டிஆர் ஓடும்போது மட்டும் இரண்டு நொடி திரை இருண்டு திரும்புகிறது, அல்லது வெள்ளைப் புள்ளிகள் மின்னுகின்றன என்றால் கேபிளை மாற்றுங்கள். 'பிரீமியம் ஹை ஸ்பீடு' சான்று உள்ளது 18 கிகாபிட் தாங்கும். 3 மீட்டரைத் தாண்டினால் 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' சான்று பாருங்கள். டிவியை அணைத்துப் போட்டபின் "நோ சிக்னல்" வந்தால், டிவி தன் விவரத்தைச் சொல்வதற்குள் கணினி முடிவெடுத்துவிட்டது என்று பொருள். டிவியை முதலில் போட்டுப் பாருங்கள். தீராவிட்டால் டிவியின் விவரத்தை எப்போதும் கணினிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும், எச்டிஎம்ஐ துளையில் செருகும் சின்ன இடிஐடி எமுலேட்டர் உண்டு.

கோப்புப் பெயர்களை ஆங்கில எழுத்தில் 'படப்பெயர் (ஆண்டு)' என்று, ஒவ்வொன்றும் தனி ஃபோல்டரில் வையுங்கள். ஆண்டு இல்லாவிட்டால் அதே பெயருள்ள வேறொரு படத்தின் போஸ்டர் வந்து உட்காரும்.

டிவி அலமாரிக்குக் கதவு இருந்தால் படம் ஓடும்போது திறந்திருக்கட்டும். கேபினட்டின் மேலேயும் பின்னாலும் 5 செ.மீ. விடுங்கள். தூசி வடிகட்டிகளை மாதம் ஒருமுறை தட்டிக் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். எர்த் உள்ள மூன்று பின் பிளக் கட்டாயம். கேபிள் டிவி வயர் டிவிக்கு வருகிற வீடுகளில் இன்னொரு கவனம் வேண்டும். அந்த வயரின் வெளிப்பின்னல் கணினியின் எர்த்தோடு எச்டிஎம்ஐ வழியே சேர்கிறது. இரண்டுக்கும் மின்னழுத்த வேறுபாடு இருந்தால் ஸ்பீக்கரில் 'உம்ம்' என்ற 50 ஹெர்ட்ஸ் முனகல் கேட்கும், எச்டிஎம்ஐ கேபிளைச் செருகும்போது பொறி பறந்து துளையே செத்துப்போகவும் கூடும். எச்டிஎம்ஐயைச் செருகுவதற்கும் கழற்றுவதற்கும் முன்னால் கேபிள் டிவி வயரை எடுத்துவிட்டு, டிவி, கணினி இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். இடி மின்னல் மாலைகளிலும் அந்த வயரைத்தான் முதலில் கழற்ற வேண்டும்.